மேற்படி மாமனார்

தோட்டத்தில் மண்ணோடு மண்ணாகப் புரண்டவன் அவன். ஆனால் ஊர் முழுக்க அவனுக்கு ஒரே பெயர்தான்: மாப்பிள்ளை. நிலம் மாமனாருடையது என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். விதைக்கடையில் "வாங்க மாப்பிள்ளை", பஸ்ஸில் "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை", பல் டாக்டர்கூட "நல்லா ஆ காட்டுங்க மாப்பிள்ளை" என்றுதான் சொல்வார். பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது இப்போது அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது.

மாமனார் லாரி ஓட்டி, பிறகு லாரி வாங்கி, பிறகு லாரிகளை விற்றுவிட்டு ஓய்ந்தவர். காய்கறி விஷயத்தில் அவருக்கு இருந்த ஒரே அனுபவம் அதைச் சாப்பிட்டதுதான். ஊருக்கு வெளியே சும்மா கிடந்த நிலத்தை மகளும் மாப்பிள்ளையும் கேட்டபோது, ஒரு லோடு புது மண்ணைக் கொட்டி மட்டப்படுத்திக் கொடுத்துவிட்டு, வாய் வார்த்தையாக ஒரு கெடுவும் வைத்தார்.

"மூணு வருஷம் செஞ்சு பாருங்க. நடந்தா சந்தோஷம். நடக்கலன்னா கிடங்கு கட்டறவர் கேட்டுட்டே இருக்காரு, அவர்கிட்ட விட்டுடுவேன். நடுவுல நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். வந்தா வாய் சும்மா இருக்காது, அப்புறம் மனஸ்தாபம்தான் வரும்."

சொன்னபடியே அவர் வரவில்லை. மூன்றாவது வருடம் இந்த மழையோடு முடிகிறது. மாதக் கடைசியில் பதில் சொல்வதாகக் கிடங்குக்காரரிடம் சொல்லியிருக்கிறார் என்று தகவல் வந்ததிலிருந்து மாப்பிள்ளை தினமும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு நிலம் கிடையாது, வேறு வேலையும் தெரியாது. இதைவிடப் பெரிய சங்கடம், வேறு வேலை எதுவும் பிடிக்கவும் இல்லை.

அந்தத் தோட்டத்தில் சந்தைக்கு எதுவும் போகாது. நாற்பத்திரண்டு குடும்பங்கள் வருடத் தொடக்கத்திலேயே பங்கு சேர்ந்துவிடும். சனிக்கிழமைதோறும் அந்த வாரம் என்ன விளைந்ததோ அது ஆளுக்கொரு கூடை. விளைந்தால் எல்லோருக்கும் விளைந்தது, அழுகினால் எல்லோருக்கும் அழுகியது. கேட்க அழகாகத்தான் இருக்கும். குளிர் விடும் காலத்தில் வீட்டின் குளியலறை ஜன்னல்வரை நாற்றுத் தட்டுகள் அடைத்துக்கொள்ளும், குளிக்கப் போகிறவர் தக்காளி நாற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் குளிக்க வேண்டும். வெயில் ஏறினால் வெள்ளரிக்காய் ராத்திரிக்கு ராத்திரி வீங்கும், "போதும்யா, பல் விளக்கவும் வெள்ளரிதான் வச்சிருக்கோம்" என்று பங்குக்காரர்கள் கும்பிடுவார்கள். மழை பிடித்தால் கீரை சேறாகும், அப்போது அதே பங்குக்காரர்கள் கூடைக்குள் தலையை விட்டு, "இவ்ளோதானா?" என்பார்கள்.

ஒவ்வொரு கூடையிலும் ஒரு கடிதம் இருக்கும். இந்த வாரம் தோட்டத்தில் என்ன நடந்தது, என்ன காய் வருகிறது, எது காலை வாரிவிட்டது என்று ஒரு பக்கம். எழுதுவது அவன் மனைவி. நாற்பத்திரண்டு பேருக்கு என்றுதான் பேர். உண்மையில் அவள் அதை ஒரே ஒருவருக்குத்தான் எழுதினாள். மாமனாரும் ஒரு பங்குக்காரர். தோட்டத்துக்கு வராத மனிதருக்கு அந்தத் தோட்டத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தக் கூடையும் அந்தக் கடிதமும்தான். கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் வழியாக ஒரே ஒரு வரி பதில் அனுப்புவார். "முள்ளங்கி பரவாயில்ல." "பீன்ஸ் முத்தல்." ஒரு தடவை "கடிதம் நல்லா இருந்துச்சு" என்று வந்தது. அன்று முழுக்க அவள் தரையில் நடக்கவில்லை.

இனி பாத்திகளின் கதைக்கு வர வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் முளைத்தது.

முதலில் பாத்திகளுக்கு எண்தான் வைத்திருந்தார்கள். அவன் கிணற்றுப் பக்கத்திலிருந்து எண்ணுவான், அவள் வாசல் பக்கத்திலிருந்து எண்ணுவாள். "மூணாவதுக்குத் தண்ணி விட்டாச்சா?" என்று கேட்டால் இருவரும் வேறு வேறு பாத்தியைச் சொல்லிச் சத்தியம் செய்வார்கள். இரண்டு மாதம் இப்படிச் சண்டை போட்ட பிறகு, எண்ணை விட்டுவிட்டுக் குணத்தை வைத்துப் பெயர் வைப்பதென்று முடிவாயிற்று. குணம் என்றதும் இருவருக்கும் சொந்தக்காரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

தளதளவென்று இலை விட்டு, காய் மட்டும் விடாத பாத்தி சித்தப்பா. தண்ணீர் ஒரு மணி நேரம் தாமதமானால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வது மூத்த அண்ணி. எதை ஊன்றினாலும் சிரித்துக்கொண்டு வளர்வது மச்சினிச்சி. இந்தக் கடைசிப் பெயரை அவன் முன்மொழிந்தபோது மனைவி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், ஆனால் மண் உண்மையிலேயே அருமை என்பதால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வாசல் ஓரத்துப் பெரிய பாத்திதான் பிரச்சினை. மேலே ஒரு அடி நல்ல மண். அதற்குக் கீழே மண்வெட்டி போனால் 'டங்' என்று திரும்பி வரும். அடியில் பாறை என்று நினைத்துக்கொண்டார்கள். ஊற்றிய தண்ணீர் இறங்காது.

"இது எங்க அப்பா" என்றாள் அவள், யோசிக்காமல். "ஒரு அடி வரைக்கும் நல்லாத்தான் இருப்பாரு. அதுக்குக் கீழ யாரும் போக முடியாது."

"ஐயோ, வேண்டாம்மா. அவரு நெலம்."

"அதான் சொல்றேன். அவரு நெலம், அவரு பேரு."

அப்படியாக அது மாமனார் ஆயிற்று. இதெல்லாம் அவர்கள் இருவருக்கும் அவனுடைய வேலை நோட்டுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. கடிதத்தில் எழுதும்போது அவள் "வாசல் பாத்தி", "கிணற்றுப் பாத்தி" என்று நாசூக்காக மாற்றிவிடுவாள்.

மழை கடைசிக் கட்டத்தில் இருந்த அந்த வாரம் மச்சினிச்சிக்கு, அதாவது பாத்திக்கு அல்ல, நிஜ மச்சினிச்சிக்கு, பிரசவம். மனைவி கிளம்பிப் போய்விட்டாள். போகும்போது, "கடிதத்த மட்டும் விட்டுடாதீங்க. மாசக் கடைசி நெருங்குது. நல்லா ரெண்டு வார்த்தை எழுதுங்க" என்று இரண்டு தடவை சொன்னாள்.

அவனும் எழுதினான். மூன்று நாள் உட்கார்ந்து, அடித்து அடித்து எழுதினான். கையில் வேறு காகிதம் இல்லாததால் வேலை நோட்டைத் திருப்பிப்போட்டுக் கடைசித் தாளில் எழுதினான். தட்டச்சு செய்ய டைப்பிஸ்ட் அம்மா இருந்தார்.

டைப்பிஸ்ட் அம்மாவும் பங்குக்காரர்தான். முப்பத்தோரு வருடம் கோர்ட்டில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். கொலை, கொள்ளை, பாகப்பிரிவினை, விவாகரத்து என்று எது கைக்கு வந்தாலும் புருவத்தைக்கூட உயர்த்தாமல் அடித்துக் கொடுத்தவர். அவருக்கு ஒரு கொள்கை உண்டு: விஷயம் கட்சிக்காரருடையது, இலக்கணம் தன்னுடையது. விஷயத்தில் ஒரு எழுத்தைத் தொட மாட்டார். இலக்கணத்தில் ஒரு பிழையை விட மாட்டார்.

"கடைசிப் பக்கம்மா" என்று சொல்லி நோட்டைக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை பீன்ஸ் பந்தல் கட்ட ஓடினான். டைப்பிஸ்ட் அம்மா நோட்டை முன்னாலிருந்து புரட்டிக்கொண்டே வந்தார். எழுத்து எங்கே முடிகிறதோ அதுதானே கடைசிப் பக்கம்? நியாயமான முடிவுதான். அதற்குப் பின்னால் நூறு வெற்றுத் தாள் தாண்டி, தலைகீழாக ஒரு கடிதம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே நாற்பத்திரண்டு பிரதி எடுத்து, மடித்து, கூடைக்கு ஒன்றாகப் போட்டும்விட்டார்.

சனிக்கிழமை கூடைகள் பல் டாக்டரின் கிளினிக்கில் இறங்கும். அன்று மதியம் அங்கே நோயாளிகள் கிடையாது. காத்திருக்கும் அறையின் நாற்காலிகளில் வரிசையாகக் கூடைகள் உட்கார்ந்திருக்கும், ஏதோ அவற்றுக்கும் பல்வலி போல. மாப்பிள்ளை முதல் நடையை இறக்கிவிட்டு, இரண்டாவது நடையோடு திரும்பி வந்தபோது டாக்டர் வாசலிலேயே நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடிதம் படிச்சேன். மனசே சரியில்ல."

அவனுக்கு நெகிழ்ந்துவிட்டது. மூன்று நாள் எழுதியதற்கு ஒருவராவது கண்ணீர் விட்டால் நல்லதுதானே. கடிதத்தில் நூல்கோல் அழுகியதைப் பற்றியும் அவன் நாலு வரி உருக்கமாக எழுதியிருந்தான்.

"என்ன பண்றது டாக்டர். மேலருந்து பாத்தா தெரியவே இல்ல. நல்லா பச்சையா இருந்துச்சு."

"எத்தனை?"

"எழுபது." நட்டு எழுபது நாள்.

"இந்தக் காலத்துல எழுபதெல்லாம் ஒரு வயசா?"

"அதான் டாக்டர். இன்னொரு பத்து தாண்டியிருந்தா நல்லா உருண்டு தெரண்டு வந்திருக்கும்."

டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். துக்கத்தில் சிலர் உளறுவார்கள் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் சரி. ஆனா தோண்டி எடுக்கப் போறீங்கன்னு எழுதியிருக்கீங்களே. அதுக்கு அனுமதி வாங்க வேண்டாமா?"

"எதுக்கு அனுமதி? எடுத்துட்டு அடுத்ததைப் போட வேண்டியதுதான்."

"அடுத்தது யாரு?"

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு எங்கோ உதைத்தது. டாக்டர் கையில் இருந்த தாளை வாங்கிப் படித்தான்.

'மாமனார் வேர் வரை அழுகிவிட்டார். வெளியே பச்சையாகத் தெரிந்தாலும் மேற்படியாருக்கு உள்ளே ஒன்றும் இல்லை. இனிக் காப்பாற்ற இயலாது. ஞாயிறு காலை மேற்படியாரை முழுவதும் தோண்டி எடுத்துவிட வேண்டும். கடப்பாரை தேவை.

மூத்த அண்ணிக்கு மறுபடியும் பேன். சோப்புத் தண்ணீர் அடிக்க வேண்டும்.

சித்தப்பா இந்த வருடமும் வெறும் இலை. அடுத்த வருடம் அவரை நம்பக் கூடாது.

மச்சினிச்சி அருமையாக இருக்கிறாள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்கவில்லை.'

அவன் அதை இரண்டாவது தடவையும் படித்தான். கிளினிக்கிலிருந்தே டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, நான் அப்படி எழுதலியே! அழுகிடுச்சுன்னுதானே எழுதியிருந்தேன்?"

"அதான் தப்பு தம்பி" என்றார் அவர் நிதானமாக. "பக்கம் முழுக்க திணை வழு. மாமனார்ங்கறது உயர்திணை. அழுகிவிட்டதுன்னு வராது, அழுகிவிட்டார்னுதான் வரும். பெரியவங்கள அது இதுன்னு எழுதியிருந்தீங்க. அசதில கை தவறியிருக்கும்னு நானே மரியாதையா திருத்திட்டேன்."

"படிக்கும்போது உங்களுக்கு ஒண்ணுமே தோணலியா அம்மா?"

"தம்பி, நான் கோர்ட்ல இதைவிட மோசமான மாப்பிள்ளைங்களப் பாத்திருக்கேன்."

நாற்பத்தோரு கூடைகளைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. அந்த ஒரே கூடையைத் தேடினான். மூலை நாற்காலி காலி. பஸ் டிரைவர் முதல் ஆளாக வந்து, தன் கூடையையும் மாமனார் கூடையையும் எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது.

மனைவிக்குப் போன் செய்து கடிதத்தை வாசித்துக் காட்டினான். பேன் வரும் இடத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள், மச்சினிச்சி வரும் இடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"அலுக்கவே இல்லையோ?"

"அதை அப்புறம் பேசிக்கலாம்மா. உங்கப்பா இந்நேரம் படிச்சிருப்பாரு. என்ன பண்றது?"

"என்ன பண்றது? அது பாத்தியோட பேருன்னு உடனே போன் பண்ணிச் சொல்லிடுங்க."

"சொன்னா, அந்தப் பாத்திக்கு ஏன்யா என் பேர வச்சேன்னு கேப்பாரே."

உண்மை அதுதான். ஒரு பக்கம் பார்த்தால் மாமனார் செத்து அழுகிவிட்டார், இன்னொரு பக்கம் பார்த்தால் உயிரோடு இருக்கிறார், ஆனால் ஒன்றுக்கும் உதவாத பாறை. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. மாதம் முடிய இன்னும் ஐந்து நாள். "நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு நான் கெளம்பி வர்றேன்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அவன் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மாமனாருக்குப் போன் செய்தான். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"மாமா, அந்தக் கடிதம்..."

"படிச்சேன். ஞாயித்துக்கெழமை காலைலன்னு போட்டிருக்கு. எத்தனை மணிக்கு?"

"ஏழு மணிக்கு மாமா... இல்ல, அதாவது..."

"வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

மூன்று வருடமாக அவர் வரமாட்டாரா என்று ஏங்கியவன் அன்றுதான் முதல் தடவையாக, அவர் வராமல் இருக்கக் கூடாதா என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குத் தோட்டத்து வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். பங்குக்காரர்களை வேலைக்குக் கூப்பிட்டால் ஒருவருக்கு இடுப்பு வலிக்கும், இன்னொருவர் வீட்டுக்கு விருந்தாளி வந்துவிடுவார். துக்கம் என்றதும் பாதி ஊர் கிளம்பி வந்திருந்தது. பல் டாக்டர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். டியூஷன் வாத்தியார் ஒரு பெரிய பூமாலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் விழித்தார். டைப்பிஸ்ட் அம்மா குடையோடு நின்றார். கடப்பாரை தேவை என்று எழுதியிருந்ததால் சிலர் ஒழுங்காகக் கடப்பாரையும் கொண்டுவந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒவ்வொருவரிடமாகப் போய், "அது ஒரு பாத்திங்க, வெறும் பாத்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் அவன் தோளைத் தட்டி, "அழுதுடுங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்றார்கள்.

பஸ் டிரைவரின் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து, தோளில் கடப்பாரையோடு, உயரமான ஒரு பெரியவர் இறங்கினார். அவரை முன்பின் பார்த்திராத பல் டாக்டர் மரியாதையாக முன்னே போய் மெல்லிய குரலில் கேட்டார்.

"நீங்க மறைஞ்சவருக்கு என்ன உறவு?"

"நான்தான் மறைஞ்சவர்" என்றார் மாமனார்.

டியூஷன் வாத்தியார் கையிலிருந்த மாலை தானாகப் பின்னால் போயிற்று. மாமனார் யாரையும் பார்க்காமல் நேராக மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றார்.

"என்னை எங்க வச்சிருக்கீங்க? காட்டுங்க."

அவன் முன்னால் நடந்தான். கூட்டம் பின்னால் நடந்தது. வாசல் ஓரத்துப் பாத்தியில் நூல்கோல் செடிகள் மஞ்சளடித்துச் சாய்ந்து கிடந்தன. வாய்க்காலில் நேற்றைய மழைத் தண்ணீர் அப்படியே நின்றது. மாமனார் பாத்தியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இதுதானா நானு?"

"ஆமா மாமா."

"பேரு வச்சது யாரு?"

மனைவி இன்னும் பஸ்ஸில் இருந்தாள். அவள் பெயரைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "நான்தான் மாமா" என்றான்.

"காரணம்?"

இவ்வளவு தூரம் வந்த பிறகு பொய் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை. "எவ்ளோ ஊத்தினாலும் உள்ள எறங்காது மாமா. மேலயே நிக்கும். ஒரு அடிக்குக் கீழ என்ன இருக்குன்னு மூணு வருஷமா எங்களுக்குத் தெரியல."

மாமனார் கடப்பாரையை ஓங்கி ஒரு போடு போட்டார். டங் என்றது. இன்னொரு போடு. அதே டங். குனிந்து, கையால் மண்ணை விலக்கி, உள்ளேயிருந்து எதையோ பெயர்த்து எடுத்தார். மண்ணல்ல, பாறையும் அல்ல. எண்ணெயில் ஊறிக் கறுத்த ஜல்லி.

அவர் அதைக் கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இங்கதான் என் ரெண்டு லாரியும் நிக்கும்" என்றார். "மழைல சக்கரம் பொதையுதுன்னு ஜல்லி கொட்டி ரோலர் விட்டு இறுக்கினேன். பக்கத்துலயே நின்னு, இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்குன்னு சொன்னேன். அப்புறம் உங்களுக்குக் குடுக்கும்போது அது மேலேயே மண்ணக் கொட்டி மூடிட்டேன். செடிக்கு ஒரு அடி போதாதான்னு நெனச்சேன்." கல்லைக் கீழே போட்டார். "மூணு வருஷமா இது மேலயா பயிர் பண்றீங்க? ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா, என்னால முடியலன்னு சொல்ற மாதிரி இருக்குமேன்னு பயந்தேன் மாமா. நீங்க வந்து பாத்திருந்தா..."

"நான் வந்தா, குடுத்துட்டு வேவு பாக்க வர்றான்னு நெனைப்பீங்கன்னு நானும் பயந்துட்டுதான் இருந்தேன்."

இரண்டு பயந்தாங்கொள்ளிகளுக்கு நடுவில் அந்த நூல்கோல் மூன்று வருடமாக அழுகியிருக்கிறது. மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. மாமனார் சட்டையைக் கழற்றி வேலிக் கம்பில் மாட்டினார். பனியனோடு பாத்தியில் இறங்கினார்.

"கடப்பாரை எத்தனை இருக்கு?"

ஆறு இருந்தது. அடுத்த மூன்று மணி நேரம் பல் டாக்டர் ஜல்லியைக் கெட்டியாகப் பிடித்த பற்களைப் பிடுங்குவதுபோல அசைத்து அசைத்துப் பிடுங்கினார். பஸ் டிரைவர் அள்ளினார். டியூஷன் வாத்தியார் மாலையைக் கிணற்று உருளையில் மாட்டிவிட்டு, குழி நேராக வருகிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார். டைப்பிஸ்ட் அம்மா குடை நிழலில் நின்று, "அந்த ஓரம் விட்டுப்போச்சு" என்று ஒரு பிழையும் விடாமல் சுட்டிக்காட்டினார்.

பத்தரை மணிக்கு மனைவி பஸ் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முட்டி ஆழக் குழியில் அப்பா நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குக் கால் நின்றுவிட்டது.

"அப்பா..."

"வாம்மா" என்றார் அவர், நிமிராமல். "தங்கச்சிக்கு என்ன கொழந்த?"

"பொண்ணு, ராத்திரிதான் பொறந்துச்சு. அப்பா, அந்தப் பேரு..."

"நீ வச்சதுதானே. அது எனக்குக் கடிதம் படிக்கும்போதே தெரியும். மாப்பிள்ளை, தானே வச்சதா என்கிட்ட சொன்னாரு. அவருக்கு ஏதும்மா அவ்ளோ தைரியம்?"

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பா பக்கத்தில் குழிக்குள் இறங்கினாள்.

அந்த நேரம் பார்த்து வேலிக் கம்பில் தொங்கிய சட்டைப் பையில் போன் அடித்தது. பக்கத்தில் இருந்தவன் மாப்பிள்ளைதான். எடுத்துப் பெயரைப் பார்த்தான். கிடங்குக்காரர். அவன் முகம் போன போக்கைப் பார்த்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"யாரு?" என்றார் மாமனார்.

"கிடங்கு... கிடங்கு கேட்டவர் மாமா."

"என் கையெல்லாம் சேறு. நீங்களே எடுத்துப் பேசுங்க."

"நான் என்ன சொல்றது மாமா?"

மாமனார் கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்தார். தோண்டியதையும் தோண்டாமல் கிடப்பதையும் ஒரு தடவை பார்த்தார். தோண்டாமல் கிடப்பதுதான் அதிகம்.

"மாமனாரத் தோண்டிட்டு இருக்கோம், இப்பத்தான் ஒரு ஓரம் எளகியிருக்குன்னு சொல்லுங்க. முழுசா எளகறதுக்கு எப்படியும் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும், அதுவரைக்கும் மகளும் மாப்பிள்ளையும் இங்கதான் இருப்பாங்கன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளை போனைக் காதில் வைத்தான். "ஹலோ, மாமனாரத் தோண்டிட்டு இருக்கோம்ங்க" என்று ஆரம்பித்தான். மறுமுனையில் அந்த மனிதர் "ஹலோ, யாருங்க, யாரு பேசறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.